பொய் ஜாடை காட்டிய நெல்டா

கொலோனியா பெஸோனே என்ற ஊரில் ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடலாம், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலேயே சமாதானம் ஆகிவிடும். குடிகாரன் என்றால் அவனே சேர்ந்து சிரிப்பான். ஆனால் 'பொய் ஜாடை காட்டுகிற ஆள்' என்று யாராவது சொல்லிவிட்டால் அது சாகும்வரை ஒட்டிக்கொள்ளும் பேர். அந்தப் பேரைச் சுமந்துகொண்டு இரண்டு வருடம், மாவுக்குள் பூரணம் வைத்து மடித்த ராவியோலி விற்றவள் நெல்டா த்ரோஸேரோ.

த்ரூக்கோ சீட்டாட்டத்தில் வாய்க்குப் பூட்டு கிடையாது. கையில் ஒன்றுமே இல்லாதவன் உலகத்தையே பிடித்துவைத்திருப்பதாக அளக்கலாம். அளக்கத் தெரியாதவன் அந்த மேஜையில் உட்கார லாயக்கில்லை. முகத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. எதிரே இருக்கும் தன் ஜோடிக்கு, எதிராளி அசந்த நேரம் பார்த்து, என்ன சீட்டு இருக்கிறது என்று ஜாடை காட்ட வேண்டும். இரண்டு புருவமும் மேலே போனால் வாள் ஆஸ், எல்லாச் சீட்டுக்கும் அப்பன். ஒரு கண்ணைச் சிமிட்டினால் தடி ஆஸ், அதற்கு அடுத்தது. வாய் வலப்பக்கம் கோணினால் வாள் ஏழு, மூன்றாவது பெரியது. கீழுதட்டைக் கடித்தால் வெறும் மூன்று. கண்ணை மூடிக்கொண்டால் 'குருடு', அதாவது கையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வாயால் புளுகினால் கெட்டிக்காரத்தனம், ஜாடையில் புளுகினால் ஈனத்தனம். இந்த வித்தியாசத்தை அந்த ஊர்ப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு முன்னாலேயே படித்துவிடுகின்றன.

நெல்டா வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் கணவர் லிவியோ தங்கமானவர். சீட்டுதான் வராது. ஜாடை காட்டச் சொன்னால் மூக்கைச் சொறிந்துகொண்டு எல்லாரையும் குழப்புவார். அதனால் கொழுந்தன் டெல்ஃபோர்தான் அவளுக்கு ஜோடி ஆனான். முப்பது வருடம் அந்த ஜோடி கிளப்பில் ஆடியது. டெல்ஃபோர் சத்தம், நெல்டா அமைதி. அவன் ஊரைக் கூட்டுவான், அவள் புருவத்தை ஒரு நூல் உயர்த்துவாள், ஆட்டம் முடிந்துவிடும்.

அப்படி இருந்ததுதான் ஊர்த் திருவிழாப் போட்டியில் கெட்டுப்போனது. கடைசி ஆட்டம், பரிசு ஓர் ஆட்டுக்குட்டி. நெல்டாவின் வாய் வலப்பக்கம் கோணியது, வலக் கண்ணும் சிமிட்டியது. வாள் ஏழும் தடி ஆஸும் சேர்ந்தே வந்துவிட்டன என்று டெல்ஃபோருக்குத் தலைகால் புரியவில்லை. மேஜையைத் தட்டி, பந்தயத்தை ஏற்றி, இன்னும் ஏற்றி, ஏற்ற இடமில்லாமல் நின்றான். நெல்டா சீட்டைப் போட்டாள். நான்கு. அடுத்ததும் நான்கு. த்ரூக்கோவில் நான்கைவிடக் கேவலமான சீட்டு கிடையாது.

"அண்ணி," என்றான் டெல்ஃபோர், மண்டபம் முழுவதும் கேட்கும்படி. "முப்பது வருஷமா உங்க மூஞ்சிய நம்பித்தான் இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். பொய் ஜாடை காட்டிட்டீங்களே."

நெல்டா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஊர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டது. கிளப் செயலாளர் அமில்கார் விதியை நினைவுபடுத்தினார்: புகார் சொன்னவரே சபையில் எழுந்து காரணத்தோடு திரும்பப் பெறும்வரை, புகாருக்கு ஆளானவர் கிளப் மேஜையில் உட்காரக் கூடாது.

டெல்ஃபோர் வீடும் நெல்டா வீடும் ஒரே சுவருக்கு இருபுறம். அன்றிலிருந்து சுவர் மட்டும்தான் உறவு. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ராவியோலி வேண்டுமென்றால் லிவியோ சுவர்மேல் தட்டை வாங்கி, நெல்டாவின் கடையில் கொடுத்து, நிரப்பி, மறுபடி சுவர்மேல் வைப்பார். இரண்டு நாட்டுக்கு நடுவே சுங்கச்சாவடி மாதிரி அந்த மனிதர் திண்டாடினார்.

நெல்டாவின் முகத்தில் அன்று ஓடியது சீட்டு இல்லை. வலி.

அதற்கும் முந்தைய குளிர்காலத்தில் தொடங்கியது. பல் தேய்த்தால், காற்றுப் பட்டால், ரொட்டியைக் கடித்தால், சில நாள் 'ஆமாம்' என்று சொன்னாலே போதும், வலக் கன்னத்தில் மின்னல் வெட்டும். பல் மருத்துவர் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்துப் பல் பாவம் சும்மாதான் இருந்தது, அதையும் பிடுங்கினார். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இவளுக்கு இரண்டும் போய், வலி மட்டும் பிதுரார்ஜிதம் போல நிலைத்து நின்றது. அடுத்துப் பார்த்த மருத்துவர், இந்த வயதுப் பெண்களுக்கு இதெல்லாம் மனசில்தான் வரும், கடற்கரைக்குப் போய் வாருங்கள் என்றார். கடல்காற்று கன்னத்தில் பட்டால் அங்கேயே அடக்கம் பண்ண வேண்டியதுதான். அதன்பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்ற பேரைவிடப் பொய்க்காரி என்ற பேர் தேவலை என்று நினைத்தாளோ என்னவோ. ஆனால் திருவிழா நாளில் கிளப்பிலிருந்து வரும் சிரிப்புச் சத்தம் கேட்டால் மாவுப் பலகையை நடு மதியத்தில் கழுவத் தொடங்கிவிடுவாள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். அதைவிட, தன் முகம் பொய் சொல்லாது என்று ஊர் நம்ப வேண்டும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் சுல்மா. உடம்பில் எங்கே தொட்டாலும் வலிக்கும் நோய்க்காரி. ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தவள், நெல்டா தன் கன்னத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்த் தொடாமலே நிறுத்தியதைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் நெல்டாக்கா?"

"எது?"

"வலிதான்."

'உனக்கு என்ன' என்று கேட்டவர்கள் நிறையப் பேர். 'எந்தப் பக்கம்' என்று யாரும் கேட்டதில்லை. நெல்டா ராவியோலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டே அழுதாள். அழுகையும் வலித்தது.

அடுத்து வந்த வியாழக்கிழமை சுல்மா அவளை ரயில் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரயில் வராத நிலையம், காத்திருப்பு அறை மட்டும் நன்றாக இருந்தது. தீராத வலிக்காரர்கள் அங்கே வாரம் ஒரு முறை கூடினார்கள். தங்களுக்குப் 'பயணிகள்' என்று பேர் வைத்திருந்தார்கள். ஊர் வைத்த பேர் 'கஞ்சாக்கார சபை'. அதை முதலில் சொன்னதும் அதிகமாகச் சொன்னதும் டெல்ஃபோர்தான்.

சபையில் புகையும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரே குடுவையில் உறிஞ்சும் மாத்தே இலைத்தேநீர் கை மாறியது, யாரோ செய்த எலுமிச்சைக் கேக் இருந்தது, இடுப்பு வலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். மாதம் ஒரு முறை நகரத்திலிருந்து டாக்டர் இவானா வருவாள். யாருக்குக் கஞ்சா எண்ணெய் ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஆகாது, எத்தனை சொட்டு என்பதெல்லாம் அவள் முடிவு. செடி வளர்ப்பது லாரி ஓட்டி முதுகெலும்பைத் தேய்த்துக்கொண்ட வில்மார். அரசாங்க அனுமதிச் சீட்டைச் சட்டம் போட்டு, அன்னை மரியாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். லாரியை விட்டும் பழக்கத்தை விடவில்லை, வலியைக்கூடக் கிலோமீட்டரில்தான் சொல்வான்.

"இன்னிக்கு என் முதுகு எப்படியிருக்குன்னா, கோர்தோபா வரைக்கும் போய்ட்டு வர்ற வழியில டயர் வெடிச்ச மாதிரி இருக்கு," என்றான் அன்று. "உங்களுக்கு எப்படிக்கா?"

வெளியே குளிர்காற்று. நெல்டாவால் வாயைத் திறக்க முடியவில்லை. வேறு வழி தெரியாமல் இரண்டு புருவத்தையும் உயர்த்தினாள்.

"ஐயோ, வாள் ஆஸா," என்றான் வில்மார். அறையில் இருந்த அத்தனை பேரும் 'த்ச்' கொட்டினார்கள். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பயணிகள் எல்லாரும் வலியை ஜாடையில் சொல்லத் தொடங்கினார்கள். புருவம் ஏறினால் தாங்க முடியாத வலி. உதட்டைக் கடித்தால் சுமார். கண்ணை மூடினால் குருடு, இன்றைக்கு வலியே இல்லை. சீட்டில் குருடு வந்தால் துக்கம், இங்கே வந்தால் கைதட்டல்.

டாக்டர் இவானா நெல்டாவின் நோய்க்கு ஒரு பெயர் சொன்னாள். முகத்து நரம்பு வலி. மாத்திரையோடு நாக்கடியில் சில சொட்டு எண்ணெயும் சேர்ந்தது. மின்னல் நிற்கவில்லை, ஆனால் தினமும் இடித்த வானம் வாரத்தில் சில நாளாகக் குறைந்தது. அவள் மறுபடி ரொட்டியின் ஓரத்தைக் கடித்தாள். அதை லிவியோ தெருவில் போவோரிடமெல்லாம் சொன்னார்.

சபையில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக வருகிறவருக்குப் பழைய பயணி ஒருவர் ஞானத்தாயாகவோ ஞானத்தந்தையாகவோ இருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் விசாரிக்க வேண்டும். எத்தனை சொட்டு, தூக்கம் வந்ததா, தலை சுற்றியதா, வலி எங்கே. அவசரப்பட்டுச் சொட்டைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வில்மார் முதல் நாளே கரண்டியில் ஊற்றிக் குடித்துவிட்டு, ஒரு மதியம் முழுக்கத் தன் வீட்டு ஃப்ரிட்ஜிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தானாம். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பெரிய கோட்டுக்குள் டெல்ஃபோர். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"மழைக்கு ஒதுங்கினேன்."

"வெளிய வெயில் அடிக்குதே அண்ணே," என்றான் வில்மார்.

"வரப்போற மழைக்கு."

உட்கார்ந்தவன் எதிரே நெல்டாவைப் பார்த்தான். பாதி எழுந்தான். எழுந்த வேகத்தில் முகம் வெளுத்து, மறுபடி உட்கார்ந்தான். சுல்மா மாத்தேயை அவன் கையில் திணித்தாள்.

"எந்தப் பக்கம் டெல்ஃபோர் அண்ணே?"

அவன் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "இடது விலா. அக்கி வந்துச்சு. ஆறியும் போச்சு. எரிச்சல் மட்டும் போக மாட்டேங்குது. துணி பட்டா கத்தியால கீறுறாப்ல இருக்கு."

சொல்லிக்கொண்டே கோட்டைக் கொஞ்சம் விலக்கினான். சட்டைக் காலருக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு லேஸ் எட்டிப் பார்த்தது. மறைப்பதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"நோர்மாவோடது," என்றான். நோர்மா அவன் மனைவி, இறந்து சில வருடம் ஆகிறது. "பட்டு. பருத்தி அறுக்குது, கம்பளி கொல்லுது. இது ஒண்ணுதான் ஒத்துக்குது. சிரிக்கறதுன்னா சிரிச்சுக்குங்க."

வில்மார் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு அண்ணே."

முதலில் சுல்மா சிரித்தாள், பிறகு எல்லாரும். டெல்ஃபோரே சிரித்துவிட்டான். சிரிப்பு விலாவில் பட்டதும் ஐயோ என்று பிடித்துக்கொண்டான். நெல்டா சிரிக்கவில்லை. நோர்மா அந்த இரவு உடுப்பை வாங்கிய அன்று கூடக் கடைக்குப் போனவள் அவள்தான். விலை அதிகம் என்று தயங்கிய நோர்மாவை, 'வாங்கிக்கோ, யாருக்குக் கொடுத்துவைச்சிருக்கோ' என்று கிண்டல் செய்ததும் அவள்தான். அது இப்படியா பலிக்க வேண்டும்.

"ஞானத்தாய் யாருன்னு பாத்துடலாம்," என்றாள் சுல்மா. "வீடு யாருக்குக் கிட்டயோ அவங்கதான். சுவருக்கு அந்தப் பக்கம் நெல்டாக்கா."

"முடியாது," என்றாள் நெல்டா. "முடியாது," என்றான் டெல்ஃபோர். இரண்டு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"நீங்க பேச வேணாம். ஜாடை போதும்."

அதிலிருந்து மாலை மணி அடித்ததும் நெல்டா சுவருக்கு இந்தப் பக்கம் முக்காலியில் ஏறி நிற்பாள். டெல்ஃபோர் அந்தப் பக்கம் வந்து நிற்பான். விரலால் சொட்டு எத்தனை என்று காட்டுவான். பிறகு கண்ணை மூடிக்கொள்வான். குருடு. வலி இல்லை. இவள் தலையாட்டிவிட்டு இறங்குவாள். மறுநாளும் குருடு. அதற்கு மறுநாளும் குருடு. டாக்டர் இவானா கேட்டபோது நெல்டா அதையே சொன்னாள். வலி இல்லையென்றால் சொட்டு இப்படியே இருக்கட்டும் என்று இவானா விட்டுவிட்டாள். என் வலி குறைய எத்தனை மாதம் ஆனது, இவனுக்கு மட்டும் உடனே பறந்துவிட்டதே, கொடுத்துவைத்தவன் என்று நெல்டா கொஞ்சம் பொறாமைகூடப் பட்டாள்.

ஒரு சனிக்கிழமை, ஊரே மதியத் தூக்கத்தில் இருந்த நேரம். மாவு உலர்த்தும் துணி காற்றில் சுவர் தாண்டிப் பறந்தது. நெல்டா முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

புல்லெல்லாம் உறைபனியில் கருகிக் கிடக்க, முற்றத்து நடுவில் டெல்ஃபோர் நின்றுகொண்டிருந்தான். இடுப்புக்குக் கீழே கால்சட்டை, மேலே நோர்மாவின் இரவு உடுப்பு மட்டும். உடம்பில் எதுவும் பட்டுவிடாதபடி இரண்டு கையையும் அகல விரித்து, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி. கோழிகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கினான், அண்ணியைப் பார்த்தான். பார்த்தவுடன் அந்த வீம்புக்காரன் என்ன செய்தான் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டான். குருடு.

"பொய் ஜாடை," என்றாள் நெல்டா.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு. டெல்ஃபோர் கண்ணைத் திறக்கவில்லை.

"உள்ள போங்க அண்ணி, குளிரும்."

"கண்ணத் தொறடா. தொறந்து நெஜத்தைக் காட்டு."

மெதுவாகத் திறந்தான். புருவங்கள் இரண்டும் ஏறின. ஏறியவை இறங்கவே இல்லை. அறுபது வயதைத் தாண்டிய ஆள், கையை விரித்தபடியே அழுதான், கண்ணைத் துடைக்கக்கூடக் கையை மடக்க முடியவில்லை.

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"அப்ப ஏன் தினமும் குருடு காட்டினே?"

"வேற என்னத்தைக் காட்ட? வெளிய ஒரு தழும்பு கெடையாது. ஆறிடுச்சுன்னு தட்டிக்குடுத்து அனுப்பிட்டாங்க. ஆம்பள ஒருத்தன் சட்டை பட்டா வலிக்குதுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

டெல்ஃபோருக்கு எதுவும் மெதுவாகத்தான் போய்ச் சேரும், சேரட்டும் என்று நெல்டா காத்திருந்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் கை இரண்டும் தானாகத் தாழ்ந்தன.

"அன்னிக்கு... திருவிழால..."

"கையில இருந்தது நாலு. ரெண்டும் நாலு. மூஞ்சில இருந்தது சீட்டு இல்ல."

"சொல்லியிருக்கலாமே அண்ணி."

"வாயத் தொறந்தா மின்னல் வெட்டுது, எங்கேருந்து சொல்ல? நீ கேட்டியா? முப்பது வருஷம் இந்த மூஞ்சியப் பாத்தவன், ஒரு தடவை என்னன்னு கேட்டியாடா?"

நெல்டாவுக்கு இன்னும் நிறையக் கோபம் மிச்சம் இருந்தது, ஆனால் கன்னம் இழுக்கத் தொடங்கியது, குளிரில் அவன் உதடும் நீலமாகிவிட்டது.

"போய்ப் போர்த்திக்க. கோழிங்க பாக்குது," என்று இறங்கிவிட்டாள்.

அந்தச் சாயங்காலமே அவள் இவானாவுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னாள். மருந்தும் சொட்டும் மாறின. சில வாரத்தில் டெல்ஃபோரின் ஜாடை புருவத்திலிருந்து உதட்டுக்கு இறங்கியது. சுவர்மேல் ராவியோலித் தட்டை அவனே நேரில் வந்து வாங்கினான். வேலை போன வருத்தத்தில் லிவியோ இரண்டு நாள் சும்மாவே சுவரோரம் நின்றார்.

திருவிழா வந்தது.

"இந்த வருஷமும் ஆட்டுக்குட்டிதானாம் அண்ணி."

"ஆட்டுக்கறிய மெல்ல என்னால முடியாது."

"மெல்றதப் பத்தி யாரு பேசினா?"

"ஆட்டத்து நடுவுல வலி வந்துட்டா? எண்ணெய் என்ன தெய்வமா, நான் சொன்ன நேரத்துக்கு நிறுத்த?"

"வந்தா வாயால சொல்லிடுங்க. எதிராளிக்குக் கேட்டாலும் கேக்கட்டும். ஜாடையில பொய் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கிளப் மண்டபத்தில் அமில்கார் பெயர்களை வாசித்தார். நெல்டா பெயர் வந்ததும் கண்ணாடிக்கு மேலாக டெல்ஃபோரைப் பார்த்தார். "புகார் அப்படியே இருக்கே. எடுக்கறதுன்னா எழுந்து சொல்லணும். காரணத்தோட."

டெல்ஃபோர் எழுந்தான். மூக்குக்கு மேலே கோபம் நிற்கும் அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"பொய் ஜாடை காட்டினது எங்க அண்ணி இல்ல. நான். வலிக்குதான்னு அவங்க தினமும் கேட்டாங்க. இல்லைன்னு கண்ண மூடிக் காட்டினேன். கஞ்சாக்கார சபையிலதான். ஆமா, நானும் போறேன். அவங்க மூஞ்சில அன்னிக்கு இருந்தது வலி. வலி வெளிய தெரியாது. இதோ, தெரியுதா பாருங்க." சட்டையில் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினான். லேஸ் வெளியே வந்தது.

பின்வரிசையிலிருந்து வில்மார் குரல் கொடுத்தான்.

"நான் அப்பவே சொன்னேன், கலர் எடுப்பா இருக்குன்னு."

சிரிப்பு அடங்க நேரமானது. அமில்கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "புகார் தள்ளுபடி," என்றார். நெல்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது அவளுடைய பழைய நாற்காலிதான், ஒரு கால் ஆடும். அதைக்கூட யாரும் இன்னும் சரிசெய்யவில்லை.

கடைசி ஆட்டத்தில் எதிரே கால்நடை மருந்துக்கடை வைத்திருக்கும் காஸ்தால்தி சகோதரர்கள். புள்ளிகள் ஏறி ஏறி, கடைசிக் கை. இந்தக் கை யாருக்கோ ஆட்டுக்குட்டி அவருக்கு. மூன்று பிடியில் இரண்டைப் பிடிப்பவர் ஜெயிப்பார். முதல் பிடி டெல்ஃபோருடையது. அவன் கையில் மிச்சம் ஆறும் மூன்றும். நெல்டா கையில் இரண்டு நான்கு. விதி அவளுக்கு அதே சீட்டைத்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. அவள் கண்ணை மூடிக் 'குருடு' காட்டப்போன அந்த நொடியில் மின்னல் வெட்டியது.

வாய் வலப்பக்கம் கோணியது. வாள் ஏழின் ஜாடை. இந்த முறை மறைக்க நேரமில்லை, மூத்த காஸ்தால்தி நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்ஃபோரும் பார்த்தான்.

நெல்டாவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வெட்டு வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இது சீட்டு இல்ல. வலி."

மண்டபம் கைதட்டிச் சிரித்தது. என்ன சாமர்த்தியம், என்ன நடிப்பு, கண்ணீர் வேறு! வந்த முதல் நாளே பழைய நெல்டா திரும்பிவிட்டாள் என்று பின்னால் யாரோ மெச்சினார்கள். டெல்ஃபோர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கணம் அவளைப் பார்த்தான். சரி என்பது போல மெல்லத் தலையசைத்துவிட்டு ஆறைப் போட்டான்.

அடுத்தது மூத்த காஸ்தால்தி. அவர் கையில் தடி ஆஸும் ஓர் இரண்டும். த்ரூக்கோவில் ஆறைவிட இரண்டு பெரியது, அந்த ஆறைப் பிடிக்க அதுவே போதும். ஆனால் நெல்டா கையில் வாள் ஏழு இருந்தால் இரண்டு செத்தது, ஆட்டமும் செத்தது.

"நாப்பது வருஷமா ஆடறேன்," என்றார் அவர். "கையில இல்லைன்னு வாயால சொல்றவ கையில இல்லாம இருக்குமா?"

தடி ஆஸை மேஜை அதிரப் போட்டார். நெல்டா அதன்மேல் நான்கை வைத்தாள். அவர் முகம் மாறியது. பிடி அவருக்குத்தான் வந்தது, கையில் மிஞ்சியது இரண்டு மட்டும். மூன்றாவது பிடிக்கு அதைப் போட்டார், நெல்டா இன்னொரு நான்கைப் போட்டாள், தம்பியிடமும் ஒன்றுமில்லை, டெல்ஃபோர் சத்தமே இல்லாமல் மூன்றை வைத்தான். இரண்டுக்கு மூன்று பெரியது. முடிந்தது.

"ஏழு எங்க?" என்று எழுந்துவிட்டார் மூத்த காஸ்தால்தி. "பொய் ஜாடை! அமில்கார், இது பொய் ஜாடை!"

அமில்கார் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "வாய் கோணினப்பவே வலின்னு சொல்லிட்டாங்களே."

"த்ரூக்கோல யாருய்யா உண்மையச் சொல்வாங்க?"

"அதான் சிக்கல். ஜாடையில பொய் சொன்னா தண்டனை இருக்கு. வாயால உண்மையச் சொன்னா என்ன பண்றதுன்னு விதியில இல்ல. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

ஆட்டுக்குட்டி கை மாறியது. ஆளாளுக்கு வந்து நெல்டாவின் தோளில் தட்டி, அந்த 'வலி' என்ற இடத்தில் எப்படிச் சமாளித்தாய், கண்ணீரை எப்படி வரவழைத்தாய் என்று கேட்டார்கள். இன்னும் மின்னல் அடங்காத அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள். மண்டபம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள், அத்தனை பேர் காதிலும் விழும்படிதான் வலிக்கிறது என்று சொன்னாள். நம்பியது ஒரே ஒருவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம்பாதவன்.

மறுநாள் மாலை மணி அடித்தது. நெல்டா முக்காலியில் ஏறினாள். டெல்ஃபோர் அந்தப் பக்கம் வந்து நின்று உதட்டைக் கடித்தான், சுமார். பிறகு நீங்கள் எப்படி என்பது போல முகவாயைத் தூக்கினான். ஞானத்தாயிடம் திருப்பிக் கேட்கும் வழக்கம் சபையில் கிடையாது. நெல்டா இரண்டு புருவத்தையும் உயர்த்தினாள்.

அவன் உள்ளே போய் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தான். ஆட்டுக்கறியை மெல்லவே தேவையில்லாத அளவுக்கு அரைத்து, ஆறவைத்த கஞ்சியாக்கி இருந்தான். சட்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டு, கேட்டான்.

"எந்தப் பக்கம் அண்ணி?"

"வலது பக்கம்," என்றாள் நெல்டா.